ஈட்டியை அடக்கிய 4 சென்டிமீட்டர்

1984 ஜூலை 20. கிழக்கு பெர்லினில் ஒரு தடகளப் போட்டி. 22 வயது ஊவே ஹோன் ஓடிவந்து எறிந்த ஈட்டி, புல்தரையின் மறுகோடிக்குப் பக்கத்தில் போய்த்தான் இறங்கியது. அளந்து பார்த்தார்கள்: 104.80 மீட்டர். அதற்கு முந்தைய உலக சாதனை, அமெரிக்காவின் டாம் பெட்ரனாஃப் 1983-இல் எறிந்த 99.72 மீட்டர். யார் முதலில் நூறைத் தொடுவார் என்று எல்லோரும் காத்திருந்தபோது, ஹோன் அதைத் தொடவில்லை. ஒரே வீச்சில் தாண்டிப் போய்விட்டார். அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கைக் கிழக்கு ஜெர்மனி புறக்கணித்ததால் அவரால் அங்கே போக முடியவில்லை. அங்கே தங்கம் வென்ற வீச்சு 86.76 மீட்டர்தான்.

ஒரு கால்பந்து மைதானத்தின் நீளமே ஏறத்தாழ 105 மீட்டர். அதைச் சுற்றித்தான் ஓடுதளம். ஈட்டி இன்னும் கொஞ்சம் போனால் மறுபக்கம் நிற்கிறவர்கள் மேல் இறங்கும். இது முதல் கவலை. இரண்டாவது கவலை நடுவர்களுடையது. விதிப்படி ஈட்டியின் உலோக நுனிதான் முதலில் தரையைத் தொட வேண்டும். அந்தக் காலத்து ஈட்டிகள் காற்றில் மிதந்துபோய்க் கடைசியில் படுத்தவாக்கில் விழுந்தன. நுனி பட்டதா, நடுப்பகுதி பட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது பெரும்பாடு, சண்டை ஓயவில்லை. இந்த இரண்டு கவலைகளும் முன்பே இருந்தவை. ஹோனின் வீச்சோடு அவை உச்சத்துக்குப் போயின.

ஈட்டியின் எடையைக் கூட்டியிருக்கலாம். ஓட்டப்பாதையைக் குறுக்கியிருக்கலாம். சர்வதேசத் தடகளச் சம்மேளனம் இரண்டையும் செய்யவில்லை. 1986 ஏப்ரல் 1 முதல் ஆண்களுக்கான ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் நுனிப்பக்கமாக நகர்த்தியது. எடை அதே 800 கிராம். நீளமும் அதே 2.6 முதல் 2.7 மீட்டர். பழைய சாதனைகளை மூடிவைத்துவிட்டுப் புதிய கணக்கு தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் மேற்கு ஜெர்மனியின் கிளவுஸ் டாஃபெல்மையர் எறிந்த 85.74 மீட்டர் புதிய ஈட்டியின் உலக சாதனை. ஹோனின் வீச்சோடு ஒப்பிட்டால் 19 மீட்டர் குறைவு.

எடை மாறவில்லை, எறிகிறவரின் தோள்வலு மாறவில்லை. பிறகு எது ஈட்டியை முன்கூட்டியே தரையிறக்கியது? இதற்குப் பதில் தெரிய, பறக்கும் ஈட்டியின் மேல் என்னென்ன விசைகள் வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

முதலில், வேலை செய்யாத விசை ஒன்றைக் கழித்துவிடலாம். எறிந்தவரின் கைவலுவும் ஈட்டியோடு சேர்ந்து பறந்துபோகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த 'வேகம்' மெல்ல மெல்லத் தீர்ந்துபோய், தீர்ந்ததும் ஈட்டி விழுகிறது என்பது எண்ணம். பழங்கால ஐரோப்பிய அறிஞர்களும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார்கள். உண்மை வேறு. விரல் நுனியைவிட்டு ஈட்டி விலகும் அந்தக் கணமே எறிந்தவரின் விசை முடிந்துவிட்டது. ஈட்டி முன்னால் போவது, போய்க்கொண்டிருக்கும் பொருள் தடுக்கும் விசை இல்லாதவரை போய்க்கொண்டே இருக்கும் என்ற நிலைமத்தால்தான். முன்னுக்குத் தள்ள ஒரு விசை தேவையே இல்லை.

கை தொட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சிறு நேரம்தான் வீரருக்குச் சொந்தம். எவ்வளவு சிறியது அது? முன்கால் தரையில் ஊன்றியதிலிருந்து ஈட்டி விடுபடும்வரை பத்தில் ஒரு வினாடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஓடிவந்த உடலை முன்கால் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று அந்த வேகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி ஈட்டிக்குப் போகிறது. வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் ஒருவர், 2 மீட்டர் தூரத்துக்குள் ஈட்டியை வினாடிக்கு 30 மீட்டருக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அவர் கை சராசரியாகக் கொடுத்த விசை ஏறத்தாழ 18 கிலோ எடையைத் தாங்கும் விசைக்குச் சமம். முக்கால் கிலோவைச் சற்றே தாண்டும் கோலுக்கு அது! முன்கால் முழங்காலும் முதுகும் தோளும் இந்த விளையாட்டில் ஏன் இவ்வளவு அடிபடுகின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இந்த வேகத்தை விதியை மீறாமல் கூட்ட முடியுமா என்று 1956-இல் ஸ்பெயின்காரர்கள் முயன்று பார்த்தார்கள். வட்டு எறிகிறவர்போல உடம்பைச் சுழற்றி, கைக்குள் வழுக்கிப் போவதற்காகச் சோப்பு தடவி ஈட்டியை எறிந்தார்கள். தூரம் நூறு மீட்டரைத் தாண்டியது. ஆனால் ஈட்டி எந்தப் பக்கம் போகும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. பார்வையாளர்கள் உயிருக்கு யார் பொறுப்பு? உடனே தடை வந்தது. அந்த வீச்சுகள் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை.

கைவிட்ட பிறகு மிஞ்சுவது இரண்டே: பூமியும் காற்றும்.

பூமியின் வேலை எளிமையானது. அது ஒரு நொடிகூட ஓய்வதில்லை. ஈட்டி மேலே போகும்போதும் உச்சியில் இருக்கும்போதும் கீழே வரும்போதும் ஒரே அளவில் கீழ்நோக்கி இழுக்கிறது. முன்னால் போகும் வேகத்தைத் தொடுவதே இல்லை. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் கண்டுசொன்னது இதைத்தான்: எறிபொருளின் கிடைமட்ட ஓட்டமும் செங்குத்து ஓட்டமும் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே நடக்கின்றன, இரண்டும் சேர்ந்து பரவளையப் பாதையை வரைகின்றன. காற்று இந்தப் பாதையைக் கெடுக்கும் என்பதையும் அவரே அதில் ஒப்புக்கொண்டார்.

காற்றே இல்லை என்று வைத்து ஒரு வீச்சைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகம். தரைக்கு 36 டிகிரி சாய்வு. கைவிடும் உயரம் 2 மீட்டர். அந்த வேகத்தில் மேல்நோக்கிய பங்கு வினாடிக்கு 17.6 மீட்டர், முன்நோக்கிய பங்கு 24.3 மீட்டர். புவியீர்ப்பு ஒவ்வொரு வினாடியும் மேல்நோக்கிய பங்கிலிருந்து 9.8 மீட்டரைப் பிடுங்குகிறது. 1.8 வினாடியில் அது தீர்ந்துபோகிறது. ஈட்டி அப்போது தரையிலிருந்து ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்தில். பிறகு இறக்கம். மொத்தம் 3.7 வினாடி. அந்த நேரமெல்லாம் முன்நோக்கிய 24.3 அப்படியே இருப்பதால், தூரம் 90 மீட்டர். உலகத்தரப் போட்டிகளில் நடப்பதும் ஏறத்தாழ இதே தூரம்தான். காற்று ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் திருப்பிக் கொடுப்பதுதான் காரணம்.

பள்ளியில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். 45 டிகிரியில் எறிந்தால்தானே அதிக தூரம்? 1537-இலேயே இத்தாலியின் டார்ட்டாக்லியா பீரங்கிகளுக்குச் சொன்ன கணக்கு அது. பீரங்கிக்குச் சரி. அதை எந்தச் சாய்வில் வைத்தாலும் குண்டு அதே வேகத்தில் கிளம்பும். மனித உடம்பு அப்படி இல்லை. செங்குத்தாக எறிய எறிய வேகம் குறைகிறது. தோளும் இடுப்பும் முன்னோக்கித் தள்ளத்தான் படைக்கப்பட்டிருக்கின்றன. தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், சாய்வில் சில டிகிரியை இழந்தாலும் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் லாபம். ஈட்டி வீரர்கள் 35 டிகிரியை ஒட்டி எறிவதும், குண்டெறிபவர்கள் 40-க்குக் கீழேயே நிற்பதும் இதனால்தான்.

குண்டு எறிதலில் காற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். 7.26 கிலோ இரும்பு உருண்டையின் மேல் காற்று கொடுக்கும் தடை, அதன் எடையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 2023-இல் ரயான் க்ரௌசர் 23.56 மீட்டர் எறிந்த குண்டு, கலிலியோவின் பரவளையத்தில் அப்படியே பயணம் செய்தது எனலாம். இதற்கு நேர் எதிர்முனையில் பேட்மிண்டன் இறகுப்பந்து. அதே 2023-இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஜப்பானில் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம், கின்னஸ் சாதனை. காற்றில்லாத வெளியில் அந்த வேகத்தில் 45 டிகிரியில் கிளம்பும் பந்து இரண்டரை கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் இறகுப்பந்தின் எடை 5 கிராம் சுற்றி. வேகம் இரட்டிப்பானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும் என்பதால், மட்டையை விட்டுக் கிளம்பிய உடனேயே காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. 13.4 மீட்டர் நீளமே உள்ள ஆடுகளத்தில் அந்த விளையாட்டு சாத்தியமாவது இந்தத் தடையின் தயவில்தான்.

இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பது ஈட்டி. அதனால்தான் அதில் இவ்வளவு சூட்சுமம்.

ஈட்டியின் பருத்த பகுதியே 3 சென்டிமீட்டர் குறுக்களவு தாண்டாது. போகும் திசையை நோக்கியே நுனி நேராக இருந்தால் காற்றுக்கு மோத இடமே கிடையாது. நுனி சற்று மேல்நோக்கித் தூக்கியிருந்தால் கதை மாறும். இரண்டரை மீட்டர் நீள அடிவயிறு முழுவதும் காற்றுக்கு முகம் கொடுக்கிறது. காற்று மோதி ஈட்டியை மேலே தூக்குகிறது. கூடவே பின்னுக்கும் இழுக்கிறது. அளவோடு தூக்கினால் லாபம், அதிகம் தூக்கினால் நஷ்டம். பயிற்சியாளர்கள் 'கை போகிற வழியும் நுனி பார்க்கிற வழியும் ஒன்றாக இருக்கட்டும்' என்று ஓயாமல் சொல்வதன் பொருள் இதுதான். மணிக்கட்டு சற்றே மடங்கினாலும் நுனி ஆகாயம் பார்த்துவிடும். அவ்வளவு வேகமும் தடையில் கரைந்துபோகும்.

அந்த 4 சென்டிமீட்டரின் விளக்கமும் இங்கேதான் இருக்கிறது. ஈட்டியின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் இயங்குவதாகக் கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். நூல் சுற்றிய கைப்பிடி அந்தப் புள்ளியின் மேல்தான் இருக்கும். காற்றின் தூக்கல் முழுவதும் இன்னொரு புள்ளியில் இயங்குவதாகக் கொள்ளலாம். அது அழுத்த மையம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் காற்று ஈட்டியைத் தூக்குமே தவிரத் திருப்பாது. அது அப்படியே மிதந்துபோகும். அழுத்த மையம் பின்னால் இருந்தால் காற்று வாலைத் தூக்கும், நுனி கவிழும். இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிதோ, கவிழ்ப்பு அவ்வளவு வேகம்.

பழைய ஈட்டியில் இந்த இரண்டு புள்ளிகளும் மிக நெருங்கி இருந்தன. தற்செயலாக அல்ல, ஆசைப்பட்டுச் செய்தது. அமெரிக்க வீரர் பட் ஹெல்ட் 1950-களில் தன் சகோதரரோடு சேர்ந்து ஈட்டியின் பருமனைக் கூட்டி, காற்றுக்கு அதிகப் பரப்பைக் கொடுக்கும் வடிவத்தை உருவாக்கினார். 1953-இல் 80 மீட்டரைத் தாண்டிய முதல் மனிதரும் அவரே. அங்கிருந்து முப்பது ஆண்டுகள் காற்றைப் பயன்படுத்தும் கலை வளர்ந்துகொண்டே போய், 104.80-இல் முட்டி நின்றது.

1986-இல் விதி வகுத்தவர்கள் காற்றைத் தொடவில்லை. எடைப் புள்ளியை முன்னால் தள்ளினார்கள். நுனிப்பக்கப் பரப்பைக் குறைத்து வால்பக்கப் பரப்பைக் கூட்டினார்கள். அம்பின் வாலில் இறகு கட்டுவதும் இதே காரியம்தான்: காற்று பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் போகும் திசையையே நோக்கும். புதிய ஈட்டி உச்சியைத் தாண்டியதும் நுனியைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கியது. மிதக்கும் கடைசி மீட்டர்கள் போயின. நுனி தரையில் குத்திட்டு நின்றதால் நடுவர்களின் சிக்கலும் அந்த நாளோடு தீர்ந்தது. வீரர்களின் வலுவைக் குறைக்காமல், யாரையும் தண்டிக்காமல், விசைகள் இயங்கும் இடத்தை மட்டும் மாற்றி ஒரு விளையாட்டைக் காப்பாற்றிய இந்த முடிவு, விளையாட்டு விதிகளின் வரலாற்றில் மிக நேர்த்தியான ஒன்று. பெண்களின் 600 கிராம் ஈட்டிக்கும் 1999-இல் இதேபோன்ற மாற்றம் வந்தது. பழைய ஈட்டியால் 1988-இல் பெட்ரா ஃபெல்கே எறிந்த சரியாக 80.00 மீட்டர் அத்தோடு ஏட்டில் நின்றுபோனது.

ஆனால் மனிதர்கள் விடுவார்களா? 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் சாம்பியனான ஹங்கேரியின் மிக்லோஷ் நேமெத், வால்பகுதி சொரசொரப்பாக இருக்கும் ஈட்டிகளைத் தயாரித்தார். மேற்பரப்பு மாறினால் அதைத் தழுவி ஓடும் காற்றும் மாறும். நுனி கவிழ்வது தாமதமானது. மீட்டர்கள் திரும்பி வந்தன. 1991 ஜூனில் பின்லாந்தின் செப்போ ராட்டி அத்தகைய ஈட்டியால் 96.96 மீட்டர் எறிந்தார். இரண்டே மாதத்தில் அந்த ஈட்டிகளுக்குத் தடை. அவற்றால் வந்த சாதனைகளும் ரத்து. உலக சாதனை பிரிட்டனின் ஸ்டீவ் பேக்லியின் 89.58 மீட்டருக்குப் பின்வாங்கியது. வாலில் ஒரு சொரசொரப்பு ஏழு மீட்டரைக் கொண்டுவந்து, ஒரு கையெழுத்து அதைக் கொண்டுபோனது.

காற்று வீசும் திசையையும் சொல்லியாக வேண்டும். ஓட்டத்தில் எதிர்க்காற்று எமன். வட்டெறிதலில் அளவான எதிர்க்காற்று வரம். 2 கிலோ வட்டு சுழன்றுகொண்டு சாய்வாகப் போகும்போது, எதிரே வரும் காற்று அதைத் தாங்கிப் பிடிக்கிறது. தூக்கல், ஓடும் காற்றின் வேகத்தைப் பொறுத்தது. வட்டு முன்னால் போவதும் காற்று எதிரே வருவதும் கூட்டலாகிவிடுகின்றன. 1986-இல் யூர்கன் ஷூல்ட் எறிந்த 74.08 மீட்டர் ஏறத்தாழ 38 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 2024 ஏப்ரலில் லிதுவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ரமோனா என்ற சிற்றூரில் 74.35 மீட்டர் எறிந்து அதை முறியடித்தார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் 75.56. திறந்தவெளிச் சமநிலத்தில், காற்றை எதிர்பார்த்தே அமைத்த எறிகளம் அது. 100 மீட்டர் ஓட்டத்திலும் நீளந்தாண்டலிலும் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. எறிதல்களுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. அலெக்னாவின் திறமையில் சந்தேகமே வேண்டாம். அந்தக் காற்றைப் பயன்படுத்தவும் பெரும் கைத்திறன் வேண்டும். ஆனாலும் தூரத்துக்குப் பக்கத்தில் காற்றின் வேகத்தையும் திசையையும் அச்சிடுவதாவது நியாயம். வரம்பு வைப்பது பிறகு பேச வேண்டியது.

புவியீர்ப்பும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. பூமியின் சுழற்சியாலும் அதன் தட்டையான வடிவத்தாலும் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இழுப்பு சற்றுக் குறைகிறது. நீரஜ் சோப்ரா 2025 மே 16 அன்று தோஹாவில் 90.23 மீட்டர் எறிந்து, 90-ஐத் தாண்டிய முதல் இந்தியர் ஆனார். அன்று 91.06 எறிந்த ஜெர்மனியின் யூலியன் வெபர் முதலிடம் பிடித்தார் என்றாலும், இந்திய ரசிகர்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த எண் அது. அதே வேகத்தில் அதே சாய்வில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் எறிந்திருந்தால், காற்றைத் தவிர்த்த கணக்கில், ஈர்ப்பு வேறுபாட்டால் மட்டும் சுமார் 27 சென்டிமீட்டர் குறையும். 90.23-இல் 27 சென்டிமீட்டர் போனால் என்ன மிஞ்சும் என்று வாசகர்களே கழித்துப் பார்க்கலாம். சென்னை தோஹாவைவிடவும் தெற்கே இருக்கிறது. இங்கே எறிந்தால் இன்னும் ஐந்தாறு சென்டிமீட்டர் கூடும்.

நீரஜின் பயிற்சியாளர் பட்டியலைப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 2018-இல் காமன்வெல்த், ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றபோது அவருக்குப் பயிற்சி தந்தவர் அதே ஊவே ஹோன். 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தங்கம் வென்றபோது கூட இருந்தவர், உடலியக்க விசைகளை ஆராய்ந்த கிளவுஸ் பார்டோனியட்ஸ். 2024 நவம்பரில் அவருடைய பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டவர் செக் குடியரசின் யான் ஜெலெஸ்னி. 1992, 1996, 2000 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம். புதிய வகை ஈட்டியின் உலக சாதனையும் அவருடையதே. 1996 மே 25 அன்று ஜெர்மனியின் யேனா நகரில் எறிந்த 98.48 மீட்டர் இன்னும் நிற்கிறது. 2020-இல் யோஹான்னஸ் ஃபெட்டர் 97.76 வரை வந்து 72 சென்டிமீட்டரில் தவறவிட்டார்.

புதிய ஈட்டியில் நூறு மீட்டர் சாத்தியமா? ஜெலெஸ்னியின் தூரத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் வேண்டும். நூற்றுக்கு ஒன்றரை பங்கு. தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், வேகத்தில் அதில் பாதி கூடினால் போதும். மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டும் ஒரு வீச்சில் அது மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அந்த ஒரு கிலோமீட்டருக்காகத்தான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக உலகின் சிறந்த தோள்கள் முயன்றுகொண்டிருக்கின்றன.